ஏழாம் வரிசையில் நான்காம் கல்

கல்லறைத் தோட்டத்திற்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கல்லறையைப் பார்க்க வருவதில்லை. நுழைவாயிலில் கொடுக்கப்படும் வண்ணத்தாளில் ஏழு இன்பங்கள் வரிசையாக அச்சிடப்பட்டுள்ளன. முதலாவது பொம்மை ரயில். இரண்டாவது மெழுகு வீரர்கள். மூன்றாவது, சீருடை மாட்டிக்கொண்டு நெற்றியில் செயற்கை இரத்தம் பூசிப் படம் எடுத்துக்கொள்ளும் நிலையம். பிறகு பலூன் சுடும் கூடம், மணல் மூட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய ‘பதுங்குகுழி’ காப்பிக்கடை, வாங்குகிறவர் பெயரையே பொறித்துத் தரும் உள்ளங்கை அளவுக் கல்லறைக் கற்களை விற்கும் அங்காடி. ஏழாவதாக, தாளின் அடியில், பொடி எழுத்தில்: ‘இராணுவக் கல்லறை. அமைதியான சூழல். கழிப்பறை வசதி உண்டு.’ அறுநூற்று முப்பத்தெட்டுப் பேர் அங்கே மண்ணுக்குள் கிடக்கிறார்கள். கழிப்பறையோடு ஒரே வரியில் சேர்ந்து கிடக்கிறார்கள்.

என் சினம் முழுவதையும் அந்தத் தாளின்மேல் கொட்டிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம், அது எளிது. ஆனால் இங்கே நான் எழுத வேண்டிய தவறு என்னுடையது.

என் தங்கையின் கணவர் அந்தத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அங்கே புல் வெட்டுகிறார், கற்களைக் கழுவுகிறார், ஒவ்வொரு கல்லின் அடியிலும் பூச்செடி வைக்கிறார். நான் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பகலில் அவருடைய கருவிக் கொட்டகையில் போய் உட்கார்வது வழக்கமாயிற்று. புதைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் எழுதும் கடிதங்களுக்கு நான்தான் விடை எழுதுவேன். அதற்குச் சம்பளம் இல்லை, தேநீர் உண்டு.

அப்படி ஐந்து ஆண்டுகளாக நான் விடை எழுதிவந்தவர்களுள் ஓர் அம்மையார் இருந்தார். அவர் பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பே அவருடைய தந்தை போரில் இறந்துவிட்டார்; ஏழாம் வரிசையில், நுழைவாயில் பக்கமிருந்து நான்காவது கல் அவருடையது. தாய் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தொண்ணூற்று மூன்று வயதில் இறக்கும்போது, தம் சாம்பலைக் கணவர் பக்கத்தில் சேர்த்துவிடும்படி மகளிடம் கேட்டுக்கொண்டார். மகள் பராமரிப்பு வாரியத்திற்கு விண்ணப்பித்தார். வாரியம் சான்றிதழ் கேட்டது, அனுப்பினார். அதன் நகல் கேட்டது, அனுப்பினார். ஐந்தாண்டு கழித்து அனுமதி வந்தது: வியாழக்கிழமை, காலை பத்து மணி முதல் பதினொன்று வரை, கல்லின் முன்னால் ஒரு சாண் ஆழக் குழி, எவ்வித அடையாளமும் வைக்கக் கூடாது.

புதன்கிழமை பிற்பகல் அவர் வந்து சேர்ந்தார். வயது எழுபத்தொன்பது. கைத்தடி இருந்தது, ஆனால் அதை ஊன்றாமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மற்றக் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா. நெரிசலான பேருந்தில் குழந்தையை அணைத்துக்கொள்வதைப் போல அதை மார்போடு பிடித்திருந்தார்.

தோட்டக்காரர் முன்னால் நடந்து கல்லைக் காட்டினார். அம்மையார் குனிந்து பெயரின்மேல் விரலை ஓட்டினார்.

“சின்னதா இருக்கே. நான் என்னவோ பெரிசா நினைச்சிருந்தேன்.”

“எல்லாருக்கும் ஒரே அளவுதாம்மா. தளபதியா இருந்தாலும் இதே சைஸ்தான்.”

“பரவாயில்ல. எங்கம்மாவுக்கும் இடம் ரொம்ப வேண்டாம். அவங்க ஒல்லி.”

தோட்டக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மையாரே சிரித்துவிட்டுக் கல்லைப் பார்த்துச் சொன்னார்: “உங்களுக்கு இருபத்திநாலு. எனக்கு எழுபத்தொம்பது. இதுல யாரு யாரை அப்பான்னு கூப்பிடறது, சொல்லுங்க.”

நாங்கள் இருவரும் சற்று விலகி நின்றோம். சிறிது நேரம் கழித்து அவர் எங்களைக் கையசைத்து அழைத்து, பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார்.

“புதைச்ச வாரமே ராணுவத்துல இருந்து எங்கம்மாவுக்கு அனுப்பினாங்க. அப்போ கல்லு கிடையாது, மரப்பலகைதான். இதுல பாருங்க, பக்கத்துல ஒரு தண்ணித் தொட்டி இருக்கு. அதை இடிச்சுட்டாங்களா?”

புகைப்படத்தை வாங்கிப் பார்த்தேன். கருங்கல் தொட்டி, அதற்கு இரண்டு படிகள், படியில் கவிழ்த்த வாளி. தொட்டியை அடுத்து வரிசையாக மரப்பலகைகள். நான்காவது பலகையில் அவருடைய தந்தையின் பெயர் வெள்ளை எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அந்தத் தொட்டியை யாரும் இடிக்கவில்லை. அது அதே இடத்தில்தான் இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்தில் இல்லை, அதே வரிசையின் மறுகோடியில், எண்பது அடிக்கு அப்பால். நீலச் சாயம் பூசி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் டால்பினை நிறுத்தி, அதைப் பொம்மை ரயில் நிலையத்தின் அலங்காரமாக்கியிருக்கிறார்கள்.

“பழைய தொட்டிம்மா…” என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவரும் முடிவைக் கேட்கவில்லை. கல்லைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வீட்டிற்குப் போய்ப் பரணிலிருந்த பெட்டியை இறக்கினேன். எனக்கு வேண்டிய குறிப்பேடு அடியில் இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு ஏழாம் வரிசைக் கற்கள் சாயத் தொடங்கின. அவற்றின் கீழே நீளமாக ஒரு கான்கிரீட் அடித்தளம் போடுவதற்காக இருபத்தொரு கற்களையும் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று எழுதிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கையெழுத்து தெளிவாக இருக்கும் என்ற ஒரே தகுதியால் என்னை அழைத்தார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பெயர்கள் தெரியும்படி கற்களுக்கு முன்னால் நின்று, ஒன்று முதல் இருபத்தொன்று வரை எழுதிக்கொடுத்தேன். தலைப்பில் ‘இடமிருந்து வலம்’ என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன்.

என் மனைவி வாசற்படியில் நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

“நாப்பது வருஷம் ஊரான் பிள்ளைங்க தப்பையெல்லாம் வட்டம் போட்டுக் காட்டினீங்க. இதை எங்க போய்க் காட்டப் போறீங்க?”

“இன்னும் தப்புன்னு முடிவாகல.”

“உங்க மூஞ்சியில முடிவாயிடுச்சு. போய் மாப்பிள்ளைகிட்ட கேளுங்க.”

மாலை ஐந்து மணி இருக்கும். கொட்டகையில் தோட்டக்காரர் புல்வெட்டும் எந்திரத்தின் தகட்டை மடியில் வைத்து அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, அன்னைக்குக் கல்லைத் திரும்ப நட்டீங்களே, எந்தப் பக்கம் நின்னு நட்டீங்க?”

“எந்தப் பக்கம்னா? பின்பக்கம்தான். முன்னாடி புதுப் புல்லு பதிச்சிருந்துச்சு. அதை மிதிச்சா யாரு பதில் சொல்றது?”

“பின்பக்கம் நின்னுக்கிட்டு, என் லிஸ்ட்டைக் கையில வெச்சு…”

“என் இடது கைப்பக்கம் ஒண்ணு, அதுக்கடுத்து ரெண்டு. இடமிருந்து வலம்னுதானே போட்டிருந்தீங்க மச்சான்? நான் ஒண்ணைக்கூட மாத்தல.”

“நான் முன்னாடி நின்னு எழுதினேன், மாப்ள.”

அரம் நின்றது. அவர் தகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்போ உங்க இடது…”

“உங்க வலது.”

“அப்போ வரிசை மொத்தமும் தலைகீழா?”

“நடுவுல இருக்கிற பதினோராவது மட்டும் சரி. மிச்சம் இருபதும் மாறிப்போச்சு.”

“அவன் ஒருத்தன் கொடுத்துவெச்சவன்,” என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அப்போதே யாரேனும் கண்டுபிடித்திருக்கலாம் என்று வாசகர்கள் நினைக்கலாம். வாரியத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். கற்களை எண்ணினார். இருபத்தொன்று இருந்தன. கையெழுத்திட்டுவிட்டுப் போனார். பின்னர், நின்ற கற்களைப் பார்த்தே புதிய பதிவேடும் எழுதப்பட்டது. தவறு அன்று முதல் ஆவணமாயிற்று.

ஆனால் கற்கள் இடம் மாறியதோடு இது முடிந்திருந்தால், அம்மையாரை வரிசையின் மறுகோடிக்கு அழைத்துச் சென்றிருக்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பொம்மை ரயிலுக்கு நிலையம் கட்ட இடம் போதாமற்போனபோது, தொட்டிக்கு அருகிலிருந்த ஐந்து கற்களின்மேல் வாரியத்தின் கண் விழுந்தது. அந்த ஐந்து பெயர்களின் உறவினர்களுக்கும் கடிதம் போயிற்று. ஒருவரிடமிருந்தும் விடை வரவில்லை. கற்களைப் பெயர்த்து மதிலில் பதித்தார்கள். எலும்புகளை எடுக்கவில்லை. ‘உடல்களுக்கு எவ்வித இடையூறும் இல்லை’ என்று கோப்பில் எழுதி, மேலே சரளைக்கல் கொட்டித் தண்டவாளம் போட்டார்கள். அம்மையாரின் தந்தையினுடைய கல் அந்த ஐந்தில் இல்லை. ஆகவே அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இசைந்திருக்கமாட்டார். கல் இங்கே பத்திரமாக நின்றது; மனிதர் அங்கே ரயிலுக்கு அடியில் கிடந்தார்.

தோட்டக்காரர் தகட்டைக் கீழே வைத்தார்.

“மச்சான், நாளைக்குப் பத்து மணிக்கு நான் ஒரு சாண் குழி தோண்டுவேன். அந்தம்மா சாம்பலைப் போடுவாங்க, அழுவாங்க, நிம்மதியா ஊருக்குப் போவாங்க. இதை ஏன் கெடுக்கணும்?”

“யாரு பக்கத்துல போடப்போறாங்க?”

அவர் கணக்கிட்டுப் பார்த்தார். நான்காம் கல்லின் கீழே உண்மையில் இருப்பவருடைய பெயர் இப்போது மதிலில் இருந்தது. “லாரி டிரைவர் ஒருத்தர். இருபத்தொம்பது வயசு. அவருக்கு இதுவரைக்கும் ஒரு கடுதாசி வந்ததில்ல. நல்ல மனுஷனாத்தான் இருந்திருப்பார்.”

“நல்ல மனுஷனா இருக்கட்டும். அவர் அந்தம்மாவோட அம்மாவுக்குப் புருஷன் இல்லையே.”

“எழுபத்தஞ்சு வருஷம் தனியா இருந்தவங்க. மண்ணுக்குள்ள போனப்புறம் யாருன்னு விசாரிக்கவா போறாங்க?”

“மாப்ள!”

“கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னா என்ன ஆகும்? தண்டவாளத்தைப் பிடுங்கிடுவாங்களா? அந்தம்மாவுக்கு இருக்கிறதும் போயிடும். உங்களுக்கு மட்டும்தான் மனசு லேசாகும்.”

தவறு தெரிந்தபின் அதை மறைப்பது இரண்டாவது தவறு என்று நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிவந்தவன் நான். அந்தச் சொற்கள் அப்போது வாயில் வரவில்லையென்றாலும் கால்கள் அவற்றின்படியே நடந்தன.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மையார் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். அறையின் திரைச்சீலையில் பீரங்கிப் படங்கள்; கட்டில் விரிப்பிலும் பீரங்கிகள். அவர் வெள்ளைப் புடவை கட்டி, தலைவாரி, டப்பாவை மேசையின்மேல் வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“சீக்கிரமே வந்துட்டீங்களே, சார். மழை ஏதும் வருமா?”

நான் நின்றுகொண்டே சொன்னேன். குறிப்பேட்டைக் காட்டினேன். நான் நின்ற பக்கத்தையும் தோட்டக்காரர் நின்ற பக்கத்தையும் விளக்குவதற்காக மேசையிலிருந்த தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினேன். அவர் என் கையைத் தடுத்தார்.

“அடுக்க வேண்டாம். ஐம்பது வருஷம் தையல் கடை வெச்சிருந்தவ நான். துணியைத் தப்பாப் புரட்டிப் போட்டு வெட்டினா சட்டைக்கை ரெண்டும் இடதாவே வந்துடும். அதுதானே?”

“அதேதாம்மா.”

“எனக்கும் ரெண்டு தடவை ஆகியிருக்கு. வேற துணி வாங்கிக் கொடுத்தேன்.” குறிப்பேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். “சரி. அவர் எங்க இருக்கார்?”

அதையும் சொன்னேன். ரயில் நிலையம் என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. தீக்குச்சிகளைப் பார்த்துச் சொன்னேன்.

ஒன்பதே முக்காலுக்குத் தோட்டத்திற்கு வந்தோம். நான்காம் கல்லின் முன்னால் தோட்டக்காரர் சலவைச் சட்டையோடு நின்றிருந்தார். புல்லைச் சதுரமாக வெட்டி எடுத்து ஓரத்தில் வைத்து, ஒரு சாண் குழியைத் தோண்டி, மண்ணைச் சலித்துக் குவித்திருந்தார். அவ்வளவு நேர்த்தியான குழியை நான் கண்டதில்லை. அம்மையார் அதைக் கடந்து நேராக மறுகோடிக்கு நடந்தார்.

நிலையத்தில் ரயில் கிளம்பத் தயாராக இருந்தது. அதன் நடத்துநரை எல்லாரும் ‘விசில்’ என்றுதான் அழைப்பார்கள். பேசுவதைவிட ஊதுவது அதிகம்.

“தண்டவாளத்துல இறங்கக்கூடாதும்மா! டிக்கெட் எடுத்தா ஏறலாம், இல்லன்னா கோட்டுக்கு அந்தப் பக்கம்.”

“அஞ்சு நிமிஷம் வண்டியை நிறுத்த முடியுமாப்பா? எங்கப்பா இதுக்கு அடியில இருக்கார்.”

விசில் என்னைப் பார்த்தான். நான் அதை உறுதிப்படுத்தினேன். அவன் நல்லவன்தான், உடனே மேலாளருக்குத் தொலைபேசினான். மேலாளரின் குரல் எங்களுக்கும் கேட்டது: மூன்று பள்ளிகள் முன்பதிவு செய்திருக்கின்றன, பதிவேட்டின்படி நிலையத்திற்கு அடியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை, புகார் இருந்தால் எழுத்து வடிவில் தரட்டும்.

“மன்னிச்சுக்குங்கம்மா,” என்றான் விசில். “என் கையில எதுவும் இல்ல.”

அம்மையார் தொட்டியைப் பார்த்தார். பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து, அதிலிருந்த படிகளையும் எதிரில் டால்பினுக்குக் கீழே இருந்த படிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “சரியா எந்த இடம்?”

கல்லுக்குக் கல் நான்கரை அடி. தொட்டியிலிருந்து அளந்து பார்த்தேன். இரண்டாம் பெட்டியின் முதல் இருக்கை அந்த இடத்தின்மேல் நின்றிருந்தது.

“அப்போ ஏறி உக்காந்துக்கறேன்,” என்றார்.

விசில் எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. குழந்தைகளுக்கென்று செய்த இருக்கை அது. முழங்கால்கள் மோவாயை இடிக்க அவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அவர் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். பின் பெட்டிகளில் பள்ளிப்பிள்ளைகள் ஏறி முடிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த மூன்று நிமிடமும் அவர் கீழே பார்த்தபடி இருந்தார். இருக்கையின் கீழே தகரத்தளம். அதன் கீழே சரளைக்கல். அதன் கீழே என்ன இருந்தது என்பதை ஏறியிருந்த பயணிகளுள் நாங்கள் இருவர் மட்டுமே அறிந்திருந்தோம்.

ஒலிபெருக்கி முழங்கியது: “வீரர்களே, போருக்குத் தயாரா?”

“தயார்!” என்று அறுபது குரல்கள் கத்தின.

ரயில் மெழுகு வீரர்களைச் சுற்றியது. பலூன்கள் வெடித்தன. சீருடை அணிந்த புதுமணத் தம்பதி ஒன்று நெற்றியில் இரத்தத்தோடு எங்களைப் பார்த்துக் கையசைத்தது. நிலையத்திற்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் இறங்கினார்கள். அம்மையார் இறங்கவில்லை. விசிலும் இறங்கச் சொல்லவில்லை. அடுத்த பள்ளி ஏறியது. மறுபடியும் மூன்று நிமிடம். மறுபடியும் “தயார்!”

இரண்டாம் சுற்றின் நடுவில்தான் அவர் பேசினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்.”

“தெரிஞ்சபிறகு எப்படிம்மா சொல்லாம…”

“உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா போதாதா? எங்கம்மாவை நான் அஞ்சு வருஷம் சுமந்தேன். இதை நீங்க சுமந்திருக்கலாம், சார்.”

என் தங்கையின் கணவர் முந்தின நாள் சொன்னதும் இதுவேதான். ஆனால் அவர் சொன்னபோது அது எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது.

“இனிமே அந்தக் குழியில போட எனக்குக் கை வராது,” என்றார் அவர். “இங்க போடவும் இடம் இல்ல. இன்னைக்குக் காலைல வரைக்கும் எனக்கு ஒரு இடம் இருந்துச்சு.”

ரயில் நின்றதும் இறங்கினார். நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொள்ளவில்லை. கைத்தடியை முதன்முறையாக ஊன்றி நடந்தார். நான்காம் கல்லருகே தோட்டக்காரர் அதே இடத்தில், அதே சலவைச் சட்டையோடு காத்திருந்தார். பத்தே முக்கால் ஆகியிருந்தது.

“மூடிடுங்க, தம்பி.”

“அம்மா, இன்னும் கால்மணி நேரம் இருக்கு. ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.”

“மூடிடுங்க. வெறும் குழி ஆகாது.”

தோட்டக்காரர் மண்டியிட்டு, சலித்த மண்ணைக் கைகளாலேயே தள்ளினார். புல்சதுரத்தை மேலே வைத்து அழுத்தினார். விளிம்புகளை விரல்களால் தைத்ததைப் போல் ஒட்டவைத்தார். அம்மையார் அந்த வேலையைக் கடைசிவரை உற்றுப்பார்த்துவிட்டு, “நல்ல கை உங்களுக்கு,” என்றார். கல்லை அவர் பார்க்கவில்லை.

பேருந்து நிறுத்தம்வரை நான் இரண்டடி பின்னால் நடந்தேன். அவர் திரும்பவில்லை. பேருந்து வந்ததும் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, பையை மடியில் ஏற்றிவைத்துக்கொண்டார்.

அவர் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். வாரியம் யாரையும் தடுப்பதில்லை. விண்ணப்பம் தீர ஐந்தாண்டு ஆகும். அப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயதாகியிருக்கும். அந்தப் படிவத்தை நான் நன்கறிவேன். முதல் கேள்வியே கல்லறையின் வரிசையும் எண்ணும். பொம்மை ரயில் நிலையத்திற்கு வரிசையும் கிடையாது, எண்ணும் கிடையாது.